வரைய வராதவருக்கு ஃபேஷன் படிப்பு ஒத்துவருமா?

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் ப்ளஸ் டூ சேர்ந்திருக்கிறேன். வணிகவியல் பிரிவு, கணிதம் கிடையாது. அப்பா கடைத்தெருவில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். லீவு நாளில் நானும் கடையில் நிற்பேன். வருகிறவர் எதை எடுப்பார், எதைப் புரட்டிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார் என்று ஓரளவு சொல்லிவிடுவேன். ஆனால் எனக்கு வரைய வராது. ஃபேஷன் டிசைன் படிப்பதா, ரீடெய்ல் மெர்ச்சண்டைசிங் படிப்பதா? 'துணி விக்கிறதுக்கு எதுக்கு டிகிரி' என்கிறார் அப்பா. சென்னையில் ஒரு தனியார் இன்ஸ்டிட்யூட்டில் இடம் வாங்கித் தருவதாக மாமா சொல்கிறார். லேப்டாப் இப்போதே வாங்க வேண்டுமா?

– வாசகி, மயிலாடுதுறை

பதில்: முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். மெர்ச்சண்டைசர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. திருப்பூர்க்காரர் சொல்லும் மெர்ச்சண்டைசர் வேறு, பெங்களூரில் ஒரு துணிக்கடைச் சங்கிலியின் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் வேறு. இது தெரியாமல் சேர்ந்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் இன்டர்ன்ஷிப் போன இடத்தில் விழிப்பவர்கள் நிறைய.

திருப்பூர் வேலை ஏற்றுமதி ஆர்டரைக் கையில் பிடித்து, கப்பலில் ஏற்றும்வரை ஓட்டிச் செல்வது. வெளிநாட்டு வாங்குபவர் ஒரு டெக் பேக் அனுப்புவார். எந்த இடத்தில் என்ன தையல், எத்தனை சென்டிமீட்டர், எந்தப் பட்டன் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை வைத்து முதலில் துணிக் கணக்குப் போட வேண்டும். ஒரு சாதாரண வட்டக்கழுத்து டீ-சர்ட்டை எடுத்துக்கொள்வோம். உடல் நீளம் 70 செ.மீ., கை நீளம் 22, மடிப்புக்கும் தையலுக்கும் 10, ஆக 102. மார்பின் பாதி அகலம் 53, தையலுக்கு 4, ஆக 57. இரண்டையும் பெருக்கி, முன்னும் பின்னுமாக இரண்டால் பெருக்கினால் 11,628 சதுர செ.மீ. துணி ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) 160 என்றால் ஏறக்குறைய 186 கிராம். வெட்டில் போவது, சாயத்தில் போவது, ஓட்டை விழுந்து கழிப்பது எல்லாம் சேர்த்து 10 சதவீதம் கூட்டினால் 205 கிராம். 3,000 பீஸுக்கு 615 கிலோ.

அந்தப் பத்து சதவீதத்தை விட்டுவிட்டு 558 கிலோவுக்குச் சாயம் ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? கடைசியில் 275-க்கும் மேற்பட்ட பீஸுக்குத் துணி பற்றாது. பற்றாத 57 கிலோவைத் திரும்பச் சாயப்பட்டறைக்கு அனுப்பலாம். ஆனால் சின்ன லாட்டில் அதே நிறம் வருவது கஷ்டம். ஷேடு மாறிய பீஸை வாங்குபவர் எடுக்க மாட்டார். ஒரு பெருக்கல் கணக்கில் விட்ட கோட்டை கப்பல் போகிற வாரத்தில்தான் தலைதூக்கும்.

துணிக் கணக்குக்குப் பிறகு லேப் டிப். கேட்ட நிறத்துக்குக் கிட்டத்தில் பெரும்பாலும் மூன்று சாயத் துண்டுகள் போட்டு அனுப்பி, ஒன்றுக்கு ஒப்புதல் வாங்குவது. அதை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு ஈடான டி65, கடை டியூப் வெளிச்சத்துக்கு ஈடான டிஎல்84 என இரண்டு விளக்கிலும் பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போய் இன்னொன்றில் விலகிப்போகும் சாயங்கள் உண்டு. (கும்பகோணம் கடைகளில் பட்டுப்புடவையை வாசல்வரை தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பார்க்கும் அம்மாக்கள் செய்வதும் இதே சோதனைதான்.) பிறகு ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிள், அதற்கப்புறம்தான் வெட்டு. கடைசியில் ஏக்யூஎல் 2.5 ஆய்வு (ஏக்யூஎல் என்பது எவ்வளவு குறைவரை ஏற்கலாம் என்ற அளவுகோல்): 3,000 பீஸ் லாட்டில், பொது ஆய்வு நிலை இரண்டின்படி 125 பீஸை உருவிப் பார்ப்பார்கள். பெரிய குறையுள்ளவை 7 வரை இருந்தால் லாட் பாஸ், 8 ஆனால் முழு லாட்டும் நிற்கும். இந்தப் படிகள் ஒவ்வொன்றுக்கும் தேதி குறித்து, தினமும் பின்தொடர்கிற அட்டவணைக்கு டிஎன்ஏ (டைம் அண்ட் ஆக்‌ஷன்) என்று பெயர். சலிக்காமல் போன் போடத் தெரிந்தவர், மெயிலில் தெளிவாக எழுதத் தெரிந்தவர் இதில் நன்றாக வருவார்.

உங்களுக்குப் பொருந்துவது இரண்டாவது வேலை என்றே உங்கள் கடிதம் சொல்கிறது. சில்லறைக் கடைச் சங்கிலிகளில் இதை பையிங், பிளானிங் என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். எந்த ரகம், எத்தனை பீஸ், எந்த விலை, எந்த ஊர்க் கடைக்கு எவ்வளவு, எப்போது தள்ளுபடி என்று தீர்மானிக்கிற வேலை. உங்கள் அப்பா இத்தனை வருஷமாக மனக்கணக்காகச் செய்துகொண்டிருப்பதும் இதுதான். ஆகவே அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. படிப்பு இதில் எதைக் கூட்டும் என்பதை உங்கள் கடைச் சரக்கை வைத்தே சொல்கிறோம்.

சட்டையை எடுத்துக்கொள்வோம். 38, 40, 42, 44 நான்கு அளவிலும் 15, 15 என்று 60 சட்டை வாங்கி வைக்கிறீர்கள். மூன்று வாரத்தில் 40-ம் 42-ம் காலி. அலமாரியில் பாதிச் சரக்கு இருக்கிறது. வருகிறவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. சைஸ் உடைந்த சரக்கு என்பது இதுதான். அது ஆடிவரை காத்திருந்து பாதி விலைக்குப் போகும். அதே 60-ஐ 1:2:2:1 என்ற விகிதத்தில் 10, 20, 20, 10 என்று எடுத்திருந்தால் நாலும் கிட்டத்தட்ட ஒன்றாக முடியும். அந்த விகிதம் ஊருக்கு ஊர் மாறும், புத்தகத்தில் கிடைக்காது. உங்கள் பில் புத்தகத்தில்தான் இருக்கிறது.

அடுத்து விலை. 600 ரூபாய்க்கு வாங்கிய சுடிதார் செட்டை 1,000 ரூபாய்க்கு விற்றால், வாங்கிய விலைமேல் 66 சதவீதத்துக்கு மேல் ஏற்றியிருக்கிறீர்கள். அது மார்க்கப். விற்ற விலையில் 400 ரூபாய், அதாவது 40 சதவீதம், உங்களுடையது. அது மார்ஜின். இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதும் கடைக்காரர் '20 சதவீதம் தள்ளுபடி போட்டாலும் 46 சதவீதம் நிக்குதே' என்று நினைப்பார். நிற்காது. 800 ரூபாய்க்கு விற்றால் கையில் நிற்பது 200. இருபது சதவீதத் தள்ளுபடி லாபத்தைச் சரிபாதியாக வெட்டிவிட்டது. முன்பு சம்பாதித்த அதே தொகையை எடுக்க இரண்டு மடங்கு உருப்படி விற்க வேண்டும். தள்ளுபடியே கூடாது என்பதல்ல. எந்த ரகத்துக்கு, எந்த வாரத்தில், எவ்வளவு என்பதைக் கணக்குப் பார்த்துப் போட வேண்டும். ஓடாத ரகத்துக்கு நான்காம் வாரத்தில் 10 சதவீதம் குறைத்திருந்தால் போயிருக்கும். எட்டு மாதம் கழித்து 50 சதவீதம் குறைத்தும் அசையாது. அதற்குள் மடிப்பில் கோடு விழுந்திருக்கும், அந்த பிரிண்ட்டும் பழசாகியிருக்கும்.

விலையில் வரியும் விளையாடும். 2025 செப்டம்பர் 22 முதல் தைத்த ஆயத்த உடுப்புக்கு, உருப்படி விலை 2,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. வரிக்கு முன் 2,500 ரூபாய் போட்ட லெஹங்கா வாடிக்கையாளருக்கு 2,625-க்குக் கிடைக்கும். 2,600 போட்டது 3,068 ஆகும். உங்களுக்குக் கூடுதலாக வந்தது 100 ரூபாய், அவர் கூடுதலாகக் கொடுப்பது 443. இந்த இடைவெளியில் எந்த லெஹங்காவும் விலை பெறாது. வாங்கும்போதே இதைப் பார்க்கத் தெரிந்தவர்தான் பையர்.

கடைசியாக, கொள்முதல் வரம்பு. ஓப்பன் டு பை என்பார்கள். ஐப்பசி மாதம் 12 லட்சத்துக்கு விற்போம் என்று திட்டம்; தள்ளுபடியில் 50 ஆயிரம் போகும்; மாதக் கடைசியில் 9 லட்சம் சரக்கு கடையில் இருக்க வேண்டும். கூட்டினால் 21.5 லட்சம். மாதத் தொடக்கத்தில் 10 லட்சம் சரக்கு இருக்கிறது, ஏற்கெனவே சொல்லிவைத்த சரக்கு 4 லட்சத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. 21.5-ல் 14 போக 7.5 லட்சம். இவையெல்லாம் விற்பனை விலையில் போட்ட கணக்கு. 40 சதவீத மார்ஜின் என்றால் கொள்முதல் விலையில் 4.5 லட்சம். ஈரோடு ஜவுளிச் சந்தைக்கோ சூரத் ஏஜென்டிடமோ போகும்போது அந்த 4.5 லட்சம்தான் கையைக் கட்டும் எண். இது இல்லாமல் போகிறவர், பார்த்ததெல்லாம் நன்றாக இருக்கிறதே என்று பேல் கட்டச் சொல்லிவிட்டு வருவார்.

இப்போது டிசைன் பக்கம். வரைய வராது என்பதை நீங்கள் தேவைக்கு மேல் பெரிதாக நினைக்கிறீர்கள். நான்கு ஆண்டு டிசைன் படிப்பில் படம் போடுவது சிறிய பங்கு. பெரும்பங்கு துணியும் உடம்பும். காடாத் துணியை டம்மி மேல் போட்டு ஊசி குத்தி வடிவம் எடுப்பது, அளவெடுத்துத் தாளில் பேட்டர்ன் போடுவது, ஒரு அளவிலிருந்து மற்ற அளவுகளுக்கு கிரேடிங் செய்வது, தைப்பது, பிரிப்பது, மறுபடி தைப்பது. முதலாண்டில் கெட்டுப்போகும் உடுப்புகளுக்குப் பெரும்பாலும் காரணம் வரைபடமல்ல. நூலோட்டம் பார்க்காமல் பேட்டர்னைச் சாய்த்து வைத்து வெட்டியிருப்பார்கள். குர்தியைப் போட்டதும் பக்கத்தையல் முன்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். அல்லது காட்டன் லைனிங்கை நனைத்துக் காயவைக்காமல் வெட்டியிருப்பார்கள். முதல் சலவையில் உள்துணி சுருங்கி, மேல்துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். உங்கள் தெருவில் ரவிக்கை தைக்கும் அக்கா இந்த இரண்டையும் தவறவிட மாட்டார். அவரிடம் ஒரு மாதம் உட்கார்ந்து, கிராஸ் கட் ரவிக்கையில் கப் துண்டை ஏன் நூலோட்டத்துக்குக் குறுக்காகச் சாய்த்து வெட்டுகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சாய்வில் வெட்டிய துணி இழுபடும், அதனால் உடம்போடு வளையும். மெர்ச்சண்டைசிங் போனாலும் இது வேண்டும். துணி தெரியாத பையரை சப்ளையர் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

எங்கே படிப்பது? உங்கள் பிரிவில் கணிதம் இல்லாததால் சில கதவுகள் இப்போதே மூடியிருக்கின்றன. பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி, நிஃப்ட் என்ற மத்திய அரசின் ஃபேஷன் கல்வி நிறுவனத்தின் பி.எஃப்.டெக். ஆடை உற்பத்தி இரண்டும் கணிதம் கேட்பவை. அவற்றை மறந்துவிடலாம். இழப்பு என்று நாங்கள் நினைக்கவில்லை. அவை ஆலைத் தளத்துக்கான படிப்புகள்.

நிஃப்டின் பி.டெஸ். என்ற நான்காண்டு டிசைன் பட்டம் எந்தப் பிரிவில் ப்ளஸ் டூ முடித்தவருக்கும் திறந்தது. சென்னை வளாகம் தரமணியில் இருக்கிறது. தேர்வில் கிரியேட்டிவ் எபிலிட்டி டெஸ்டுக்கு 50 சதவீதம், ஜெனரல் எபிலிட்டி டெஸ்டுக்கு 30, நேரில் பொருள்களைக் கொடுத்து ஒன்றைச் செய்யச் சொல்லும் சிச்சுவேஷன் டெஸ்டுக்கு 20 என்பதுதான் நடைமுறை. முதல் தாளில் பாதி மதிப்பெண் இருப்பதால், வரையவே மாட்டேன் என்றால் இது கடினம். ஆனால் அங்கே அழகான முகத்தை யாரும் கேட்பதில்லை. ஒரு சூழலைக் கவனித்து, ஒரு யோசனையைத் தாளில் புரியும்படி காட்ட முடிகிறதா என்றே பார்க்கிறார்கள். கடைத்தெருவில் பூக்கட்டும் பெண், பஸ் ஸ்டாண்டில் மூட்டையோடு நிற்பவர், துலா உற்சவக் கூட்டம் என்று நாளைக்கு ஒன்று, இருபது நிமிஷம், பென்சிலால் போட்டு வந்தால் ஆறு மாதத்தில் கை ஓரளவு திருந்தும். விண்ணப்பம் அக்டோபர், நவம்பர் வாக்கில் பார்க்க ஆரம்பிக்க வேண்டும். தேர்வு பொதுத்தேர்வுக்கு முன்னாலேயே வந்துவிடும். பலர் பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு விசாரித்து ஓராண்டை விடுகிறார்கள். செலவையும் வீட்டில் இப்போதே பேசிவிடுங்கள். விடுதி, துணி, பிரிண்ட் எல்லாம் சேர்ந்து நான்காண்டில் பத்து லட்சத்தைத் தாண்டும்.

பி.டெஸ்.-ல் ரீடெய்ல் மெர்ச்சண்டைசிங் என்று தனிப் பிரிவு கிடையாது. கடையில் பொருளை அடுக்கிக் காட்டும் விஷுவல் மெர்ச்சண்டைசிங் மட்டும் ஃபேஷன் கம்யூனிகேஷனில் வரும். நீங்கள் தேடும் பையிங், பிளானிங் இரண்டும் நிஃப்டின் மாஸ்டர் ஆஃப் ஃபேஷன் மேனேஜ்மென்ட் என்ற இரண்டாண்டு முதுகலையில்தான் ஆழமாக வருகின்றன. அதற்கு எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். வரைபடத் தேர்வு கிடையாது.

ஆகவே உங்களுக்கு நாங்கள் சொல்லும் வழி இது. இளங்கலையைச் செலவு குறைந்த இடத்தில், துணியும் கணக்கும் விட்டுப்போகாதபடி முடியுங்கள். முதுகலைக்குப் பெரிய இடத்துக்குப் போங்கள். இளங்கலைக்கு இரண்டு தேர்வுகள் நல்லவை. ஒன்று, காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் அல்லது ஃபேஷன் டெக்னாலஜி பி.எஸ்சி. பெரும்பாலான கல்லூரிகளில் எந்தப் பிரிவினரையும் சேர்த்துக்கொள்கிறார்கள். இதில் துணி கிடைக்கும், கணக்கு குறையும். நிதி, புள்ளியியலை நீங்கள்தான் வெளியே கற்க வேண்டும். இன்னொன்று, கோவையில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் சர்தார் வல்லபாய் படேல் ஜவுளி, மேலாண்மைக் கல்வி நிறுவனம். உங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரரான திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பட்டம். சேர்க்கை, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் பொது நுழைவுத்தேர்வு வழியாக. ஜவுளி வணிகத்தில் பிபிஏ, சில்லறை வணிக மேலாண்மையில் எம்பிஏ என்று உங்கள் தேவைக்கு நெருக்கமான படிப்புகள் அங்கே உண்டு. எந்தெந்தப் படிப்பு, என்ன தகுதி என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் பி.காம். படித்துவிட்டு நேராக முதுகலைக்குப் போகலாமா என்றால், போகலாம். உங்களுக்குக் கடை இருக்கிறது என்பதால் துணி அறிவைக் கடையில் தேற்றிக்கொள்ள முடியும். கடை இல்லாத மற்றவர்களுக்கு இந்த வழியை நாங்கள் சொல்ல மாட்டோம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேயே விண்ணப்பம் போடச் சொல்வார்கள். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மாமா சொல்லும் இன்ஸ்டிட்யூட்டின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் கேள்விகள் இவைதான். பட்டம் கொடுப்பது யார்? அந்தப் பல்கலைக்கழகம் யுஜிசி பட்டியலில் இருக்கிறதா? 'சர்வதேச டிப்ளமா' என்று மட்டும் சொன்னால் அதை வைத்து பின்னால் முதுகலைக்கு விண்ணப்பிக்க முடியாது. பட்டப்படிப்பு என்று எழுத்தில் வேண்டும். அடுத்து, தையல் லேபைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேட்சில் எத்தனை பேர், எத்தனை பவர் மிஷின்? ஆளுக்கொரு மிஷின் இல்லையென்றால் பாதி வகுப்பு வேடிக்கை பார்க்கும். ஓவர்லாக், ஃபிளாட்லாக் மிஷின்கள் இருக்கின்றனவா, அவற்றில் நூல் கோத்திருக்கிறதா? தூசு படிந்து நூலில்லாமல் நிற்கும் மிஷின் பிரவுச்சரில் போட்டோ போட வாங்கியது. பேட்டர்ன் மேசை நின்று வேலை செய்யும் உயரத்தில் இருக்கிறதா, பள்ளிக்கூட டெஸ்க்கா? கடைசியாக, சென்ற ஆண்டு மாணவர்கள் இன்டர்ன்ஷிப் போன நிறுவனங்களின் பட்டியலைக் கேட்டு, அதில் என்ன வேலை செய்தார்கள் என்று இரண்டு மாணவரிடம் நேரில் விசாரியுங்கள். ஆறு வாரமும் ஷோரூமில் துணி மடித்தார்கள் என்றால் அது இன்டர்ன்ஷிப் அல்ல. '100 சதவீத வேலை உறுதி' என்று சுவரில் எழுதியிருந்தால், சேர்க்கைக் கட்டணத்தை அன்றே கட்டாமல் ஊருக்குத் திரும்பி விடுங்கள்.

இனி, இந்த ஆண்டில் நீங்கள் செய்யக்கூடிய, எந்தக் கல்லூரியும் சொல்லித் தராத ஒன்று. ஆடியிலிருந்து தீபாவளிவரை கடையின் கணக்கை நீங்கள் எழுதுங்கள். அப்பாவின் வரவுசெலவை அல்ல, ரகவாரிக் கணக்கை. எல்லாச் சரக்கையும் எடுத்துக்கொண்டால் பத்தாம் நாள் விட்டுவிடுவீர்கள். ஆண்கள் சட்டை, நைட்டி, சிந்தடிக் புடவை என்று மூன்று வகை போதும். ஒவ்வொரு உருப்படிக்கும் ஏழு விவரம்: வாங்கிய தேதி, சப்ளையர், வாங்கிய விலை, போட்ட விலை, அளவு அல்லது நிறம், விற்ற தேதி, விற்ற விலை. பழைய சரக்கில் வாங்கிய தேதி தெரியாது என்பார்கள். 'பழையது' என்றே குறித்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு தகவல்.

இதைவிட முக்கியமானது இன்னொரு நோட்டு. கேட்டு, இல்லாமல் போனதை எழுதும் நோட்டு. '44 சைஸ் நைட்டி ஃப்ரன்ட் ஜிப், ரெண்டு பேர்.' 'மாம்பழக் கலர்ல காட்டன், ஒருத்தங்க.' விற்றது பில்லில் இருக்கும். விற்காமல் போன விற்பனை எங்குமே பதிவாகாது. பெரிய சங்கிலிக் கடைகள் மென்பொருளை வைத்துக்கொண்டும் பிடிக்கத் திணறும் தகவல் இது. நீங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றே பிடித்துவிடலாம். பிசகு நடப்பது கூட்டம் வரும் நாளில்தான். அன்றைக்கு எழுதாமல் விட்டு, இரவில் ஞாபகத்திலிருந்து எழுதினால் உங்களுக்குப் பிடித்த ரகமே அதிகம் கேட்டதாகத் தோன்றும். அப்போதைக்கப்போது ஒரு கோடு மட்டும் இழுத்துவையுங்கள்.

வாராவாரம் ஞாயிறு இரவு எக்செலில் ஏற்றுங்கள். வந்த நூறில் எத்தனை போனது என்பது செல்-த்ரூ. நான்கு வாரத்தில் எந்த ரகம் 60 சதவீதத்தைத் தாண்டியது, எது 20-ல் நிற்கிறது என்று பாருங்கள். எக்செலில் சம்இஃப் (SUMIF), பிவட் டேபிள் இரண்டும் தெரிந்தால் முதல் வேலைக்கே போதும். இரண்டையும் இலவசமாகவே கற்கலாம்.

கணக்கைப் படிக்கும்போது ஊரின் காலத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். நம் பக்கத்து வியாபாரம் சென்னை மாதிரி சம்பளத் தேதியைப் பார்த்து நடப்பதில்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து, குறுவை நடவானால் புரட்டாசி, ஐப்பசியில் நெல் போட்ட பணம் கைக்கு வரும். தீபாவளிக் கடை அதில் நிற்கும். அணை தாமதமாகத் திறந்த ஆண்டில் போர் வைத்திருப்பவர் மட்டும்தான் குறுவை போடுவார். அந்தத் தீபாவளிக்கு விலையுயர்ந்த ரகத்தைக் குறைத்து, குழந்தைகள் உடுப்பைக் கூட்ட வேண்டும். பெரியவர்கள் தங்களுக்கு எடுக்காமல் இருந்துவிடுவார்கள், பிள்ளைகளுக்கு எடுக்காமல் இருக்க மாட்டார்கள். சம்பாப் பணம் தை, மாசியில். அதே நேரத்தில் தை முகூர்த்தம். ஆடியில் விதைக்கும் நாற்றுக்கும் உழவுக்கும் பணம் வெளியே போகிற காலம், கல்யாணமும் கிடையாது. தள்ளுபடி போட்டுத் தேங்கியதைக் காசாக்க அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை. தீபாவளிக் கொள்முதலுக்கு அந்தக் காசுதான் முதல். அணை திறந்த செய்தியைப் பார்த்து ஆடி மாதத்தில் தீபாவளி ஆர்டரை மாற்றத் தெரிந்த பையர் எந்த நிறுவனத்துக்கும் வேண்டியவர். தஞ்சாவூரில் கிளை திறக்கும் சங்கிலிக் கடைக்குக்கூட இந்தக் கணக்கைத் தலைமை அலுவலகத்திலிருந்து பார்க்கத் தெரியாது.

நேர்முகத் தேர்வில் 'உங்களுக்கு ஜவுளியில் என்ன தெரியும்' என்று கேட்பார்கள். அப்போது இந்த நான்கு மாத எக்செலை எடுத்து வையுங்கள். கூடவே கைத்தறி ஒன்றைப் பற்றிச் சொல்லும் அளவுக்குத் தெரிந்திருக்கட்டும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே கூறைநாடு இருக்கிறது. பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட கூறைப்புடவைக்குப் பெயர்போன இடம். திருபுவனம் பட்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. கும்பகோணம் பக்கத்தில் கொள்ளிடக் கரையில் இருக்கும் கோடாலிக்கருப்பூரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்த புடவைகள் இன்று அருங்காட்சியகங்களில்தான் கிடைக்கின்றன. சரிகையோடு நெய்து, அதன்மேல் மெழுகும் சாயமும் கையால் இட்டு முடித்தவை. எல்லோரும் காஞ்சிபுரம் பற்றியே பேசுகிற நேர்முகத் தேர்வில் இவை தனித்து நிற்கும். ஆனால் பெருமை பாடாதீர்கள். திருபுவனத்தில் ஒரு தறிக்காரரிடம் போய், ஒரு புடவைக்குப் பட்டு எத்தனை கிராம், சரிகை எத்தனை கிராம், எத்தனை நாள் தறி, கூலி எவ்வளவு என்று கேட்டு ஒரு செலவுத்தாள் போட்டுப் பாருங்கள். விற்கும் விலையோடு ஒப்பிட்டால், நடுவில் யார் யாருக்கு எவ்வளவு போகிறது என்று தெரியும். அந்த ஒரு தாள் பத்து வரைபடங்களுக்குச் சமம்.

அப்பாவிடம் டிகிரியைப் பற்றி இப்போது வாதாட வேண்டாம். தீபாவளி முடிந்த வாரத்தில், எந்த சப்ளையரின் சட்டை எத்தனை நாளில் போனது, எந்த ரகத்தில் எத்தனை ஆயிரம் இன்னும் அலமாரியில் இருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்கள். அடுத்த கொள்முதலுக்கு அவரே உங்களைக் கூப்பிட்டால் பேச்சு தானாக ஆரம்பிக்கும். கூப்பிடாவிட்டாலும் அந்தக் கணக்கு உங்களுடையது.

லேப்டாப் இப்போது வேண்டாம். இந்த ஆண்டு வேலைக்குக் கடையில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரோ, செல்போன் எக்செலோ போதும். பிபிஏ, பி.காம். என்றால் 8 ஜிபி ராம் உள்ள சாதாரண மிஷினே மூன்று வருஷம் ஓடும். டிசைன் பக்கம் போனால்தான் போட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டருக்கு 16 ஜிபியும் நல்ல திரையும் வேண்டும். எந்தப் படிப்பில் இடம் கிடைத்தது என்று தெரிந்த பிறகு, முதல் செமஸ்டர் சீனியரிடம் என்ன மென்பொருள் ஓட்டுகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள்.